பட்டையைக் கிளப்பாதீர்கள்!

இது நீளமான பதிவு. தூண்டில் போடும் தம்பிகளுக்குக் கோபம் வரும். கடைசிவரை படித்துவிட்டுக் கோபித்துக்கொள்ளுங்கள், ஏற்றுக்கொள்கிறேன்.

போன சனிக்கிழமை காலை நடைப்பயிற்சிக்குப் போனபோது, நான் வேலை பார்த்த பள்ளிக்கூடத்தின் பின்பக்க வேலியோரம் நிற்கும் மரமல்லியைப் பார்த்தேன். 1993ஆம் வருடம் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள் குழி வெட்டி, குழாயடியிலிருந்து குடத்தில் தண்ணீர் சுமந்து ஊற்றி வளர்த்த மரம். அன்று ஐந்து கன்று வைத்தோம். ஆடு தின்றது ஒன்று, புயலில் சாய்ந்தது ஒன்று, கட்டடம் கட்ட எடுத்தது இரண்டு. மிச்சம் இது ஒன்றுதான். என் நெஞ்சு உயரத்திலிருந்து கீழே மூன்றடிக்கு அதன் பட்டையை யாரோ உரித்து எடுத்திருந்தார்கள். தோலுரித்த ஆட்டுத் தொடை மாதிரி வெள்ளையாக நின்றது மரம். சுற்றிச் சுற்றி வந்து பார்த்தேன். வேலி முள் மறைத்த பக்கம் மட்டும் நாலு விரல் அகலத்துக்குப் பட்டை மிச்சம் இருந்தது. கை எட்டவில்லை போலிருக்கிறது. மரத்துக்கு அது ஆயுசு.

மாட்டுக்காரர்கள் மருந்துக்கு எடுத்திருப்பார்கள் என்றுதான் முதலில் நினைத்தேன். அவர்கள் மேல் பழி போட்ட பாவத்துக்கு இப்போது வருந்துகிறேன். விஷயம் டீக்கடையில் தெரிந்தது. முட்டுக்காடு கழிமுகத்துக்கு மீன் பிடிக்கப் போகும் ஒரு தம்பி, சிறுசேரியில் கம்ப்யூட்டர் வேலை, பைக்கில் தூண்டில் கழியைச் சொருகி வைத்திருந்தார். கழியின் கைப்பிடி நுரை ரப்பராக இல்லாமல் பழுப்பும் கறுப்புமாக வரி வரியாக மின்னியது.

"என்ன தம்பி இது?"

"நேச்சுரல் பார்க் கிரிப் அங்கிள். ஹேண்ட்மேட். இங்கேயே லோக்கல்ல ஒருத்தர் மரமல்லிப் பட்டையில பண்ணித் தர்றார். பிளாஸ்டிக்கே கிடையாது. எக்கோ ஃப்ரெண்ட்லி."

நல்ல பையன். மரியாதையாகத்தான் பேசினார். எந்த மரம், எப்படி எடுத்தார்கள் என்று கேட்டேன். அவருக்குத் தெரியவில்லை. "கொஞ்சம் பட்டைதானே அங்கிள், திரும்ப வளர்ந்துடும்" என்றார்.

அந்த "கொஞ்சம் பட்டைதானே"வுக்குத்தான் இந்தப் பதிவு.

முப்பத்துச் சொச்சம் வருடம் அறிவியல் நடத்தியவன் நான். செல்லைக் கண்டுபிடித்தவர் யார் என்று கேட்டால் பிள்ளைகள் தூக்கத்திலும் சொல்லும்: ராபர்ட் ஹூக், 1665, தக்கை. அந்தத் தக்கை மரப்பட்டை என்பதை எத்தனை பேர் யோசித்திருக்கிறோம்? தக்கை ஓக் என்ற மரத்தின் வெளிப்பட்டையை மெல்லிசாகச் சீவி நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தார் அந்த மனுஷர். தேன்கூடு மாதிரி அறை அறையாகத் தெரிந்தது. ஒரு கன அங்குலத்தில் எத்தனை அறை இருக்கும் என்று கணக்கும் போட்டார், 125 கோடிக்கு மேல். அத்தனை அறைக்குள்ளும் காற்று. அதனால்தான் தக்கை மிதக்கிறது, நனைந்த கையில் வழுக்காமல் நிற்கிறது, பனியில் பிடித்தாலும் கை சில்லிடுவதில்லை. தூண்டில் கழியின் கைப்பிடிக்கு வெள்ளைக்காரன் தக்கையைத் தேர்ந்தெடுத்ததற்குக் காரணம் இதுதான், அழகு அப்புறம்.

நம் ஊரில் தூண்டில் மிதவைக்கும் "தக்கை" என்றுதான் பெயர். சின்ன வயசில் நாங்கள் நாவலூர் ஏரியில் போட்ட தூண்டிலுக்கு மயிலிறகின் தண்டுதான் தக்கை. அது கிடைக்காவிட்டால் நெட்டித் துண்டு. கழி மூங்கில். கைப்பிடி என்று தனியாக ஒன்றும் கிடையாது, சைக்கிள் டியூபைக் கிழித்து அடியில் சுற்றினால் சரி. கெளுத்தி அதற்கும் கடித்தது. முட்டுக்காட்டில் இடுப்பளவு தண்ணீரில் உட்கார்ந்து இருளர் பெண்கள் வெறும் கையாலேயே துழாவி இறால் பிடிப்பதை இன்றைக்கும் பார்க்கலாம். பிடித்ததைப் போடும் பறியைப் பல்லில் கடித்துக்கொண்டிருப்பார்கள். மீனுக்கும் இறாலுக்கும் உங்கள் கைப்பிடி என்ன ஜாதி என்று தெரியாது. சரி, இது கிழவன் பேச்சு, விடுங்கள். நல்ல கழி, நல்ல பிடி வேண்டும் என்று ஆசைப்படுவதில் தப்பில்லை. நானும் ஆசைப்பட்டவன்தான், பின்னால் சொல்கிறேன்.

இப்போது அந்தத் "திரும்ப வளரும்" கதைக்கு வருவோம். போர்ச்சுகலில்தான் உலகத் தக்கையில் ஏறக்குறைய பாதி விளைகிறது. அங்கே தக்கை ஓக் மரத்தை நட்டால் முதல் முறை பட்டை எடுக்கவே இருபத்தைந்து வருடம் போல ஆகும். அதற்கப்புறம் ஒன்பது வருடத்துக்கு ஒரு தடவைதான் கோடாரி வைக்கலாம். எடுத்த வருடத்தின் கடைசி எண்ணை மரத்தின் மேலேயே வெள்ளைப் பெயிண்டில் எழுதி வைக்கிறார்கள், அடுத்தவன் அவசரப்பட்டு வந்து விடக்கூடாதென்று. வெளித்தக்கையை மட்டும் பெயர்த்து, உள்ளே இருக்கும் உயிர்ப்பட்டையில் கீறல் படாமல் எடுப்பதற்குத் தனித் தொழிலாளிகள் உண்டு. பரம்பரையாகக் கற்ற கை. கோடாரி ஒரு நூல் ஆழமாக இறங்கினால் மரம் கெட்டது. தம்பி வீடியோவில் பார்த்தது அந்த மரத்தை, அந்தக் கையை. நம் ஊரில் வெட்டியது வேறு மரத்தை, வேறு கையால்.

மரமல்லிக்கு இந்தியத் தக்கை மரம் என்று ஒரு பெயர் உண்டு. ஆங்கிலப் புத்தகங்களில் அப்படித்தான் போட்டிருக்கும். தக்கை கிடைக்காத இடத்தில் அதன் பட்டையை மட்டமான மாற்றாகப் பயன்படுத்தினார்கள் என்பதால் வந்த பெயர். இந்த ஒரு வரியை இணையத்தில் படித்துவிட்டுத்தான் கத்தியோடு கிளம்பியிருக்கிறார்கள் என்று நினைக்கிறேன். பெயரில் தக்கை இருந்தால் குணமும் தக்கை ஓக் ஆகிவிடுமா? காட்டாமணக்கில் ஆமணக்கு இருக்கிறது, அதைத் தின்று பேதியாகி ஆஸ்பத்திரிக்குப் போன பிள்ளைகளை நான் தூக்கிக்கொண்டு ஓடியிருக்கிறேன்.

மரத்தின் உடம்பில் இரண்டு குழாய் வரிசை. உள்ளே இருக்கும் சைலம் வேரிலிருந்து தண்ணீரை மேலே ஏற்றுகிறது. பட்டையோடு ஒட்டியிருக்கும் புளோயம் இலை சமைத்த சாப்பாட்டைக் கீழே வேருக்கு இறக்குகிறது. இரண்டுக்கும் நடுவில் கேம்பியம், புது உடம்பை உண்டாக்கும் மெல்லிய படலம். பட்டையை ஆழமாக உரித்தால் சாப்பாட்டுக் குழாயும் போச்சு, புதிதாக உண்டாக்கும் படலமும் போச்சு. மரத்தைச் சுற்றி வளையமாகப் பட்டையை எடுத்து என்ன ஆகிறது என்று இத்தாலியில் மால்பிஜி 17ஆம் நூற்றாண்டிலேயே சோதித்துப் பார்த்தார். வளையத்துக்கு மேலே வீங்கியது. கீழே பட்டினி. பிளஸ் ஒன், பிளஸ் டூ தாவரவியல் படித்தவர்களுக்குப் படம் ஞாபகம் இருக்கும். படத்தை வரைந்து பாகம் குறித்து ஐந்து மார்க் வாங்கியவர்கள்தான் இன்றைக்குப் பைக்கில் கழியோடு போகிறார்கள்.

இதில் ஒரு ஏமாற்று இருக்கிறது. பட்டை உரித்த மறுநாள் மரம் சாகாது. சைலம் வேலை செய்வதால் தண்ணீர் ஏறும், இலை பச்சையாகவே இருக்கும், பூக்கூடப் பூக்கும். "பாருங்க சார், நல்லாத்தானே இருக்கு" என்று சொல்லலாம். கீழே வேர், சேர்த்து வைத்த மாவுச்சத்தைத் தின்று தீர்த்துக்கொண்டிருக்கும். தீர்ந்ததும் மேலே தண்ணீர் வராது. அதற்குள் மாதங்கள் ஓடியிருக்கும், உரித்தவன் யார் என்று யாருக்கும் ஞாபகம் இருக்காது, மரம் "தானாகப் பட்டுப்போச்சு" என்று எழுதி வெட்டி விற்பார்கள். அரசு நிலத்து மரத்தை வெட்ட மாவட்டப் பசுமைக் குழுவிடம் அனுமதி வாங்க வேண்டும். வெட்டினால் நாலு பேர் கேள்வி கேட்பார்கள். பட்டையை உரிப்பவனை எவனும் கேட்பதில்லை. இரண்டும் ஒரே கொலை, ஒன்று கொஞ்சம் தாமதம், அவ்வளவுதான்.

"கிராமத்துல காலங்காலமா பட்டை எடுக்கலையா?" என்று கேட்பீர்கள். எடுத்தார்கள். என் பாட்டி வேப்பம்பட்டை எடுத்து நான் பார்த்திருக்கிறேன். உள்ளங்கை நீளம், இரண்டு விரல் அகலம், மேலிருந்து கீழாக ஒரு சீவல். ஒரு மரத்தில் ஒரு பக்கம்தான். எடுத்த இடத்தில் சாணியும் களிமண்ணும் குழைத்துப் பூசுவாள். அவளுக்குப் புளோயம் தெரியாது, குறுக்கே வெட்டக் கூடாது என்பது மட்டும் தெரியும். வாணியம்பாடி, ஆம்பூர்ப் பக்கம் தோல் பதனிட ஆவாரம்பட்டை மூட்டை மூட்டையாகப் போன காலமும் உண்டு. ஆவாரை செடி. குச்சியை வெட்டினால் அடியிலிருந்து திரும்பத் துளிர்க்கும். இலங்கையில் கருவாப்பட்டை எடுப்பதும் அப்படித்தான், தண்டை வெட்டிக்கொண்டுபோய் உரிக்கிறார்கள், அடிக்கட்டை மறுபடி கிளை விடுகிறது. எது துளிர்க்கும், எது துளிர்க்காது, எவ்வளவு எடுத்தால் தாங்கும் என்ற கணக்கு அந்தத் தொழில்களுக்குள்ளேயே இருந்தது. அந்தக் கணக்கை விட்டுவிட்டுக் கத்தியை மட்டும் எடுத்துக்கொண்டு "பாரம்பரியம்" என்று சொல்லாதீர்கள்.

கணக்கு என்றதும் இன்னொன்று. நான் மரத்தை அளந்தேன், வாத்தியார் புத்தி போகுமா. சுற்றளவு நாலடி. விட்டுவைத்த நாலு விரலைக் கழித்தால் நாற்பத்தைந்து அங்குலம். உயரம் முப்பத்தாறு அங்குலம். மொத்தம் 1,620 சதுர அங்குலம் பட்டை. கைப்பிடிக்கு ஒன்றரை அங்குலச் சதுர வில்லைகளாக வெட்டினால் 720 வில்லை. ஆறு அங்குலக் கைப்பிடிக்கு முப்பத்தைந்து வில்லை போல வேண்டும். ஆக இருபது கைப்பிடி. ஒருவன் தன் ஆசைக்கு ஒரு பிடி செய்துகொண்ட கதை இல்லை இது. ஊர்ப் பொது மரத்தை மூலப்பொருளாக்கிக் கடை நடத்திய கதை. முதல் போட்டவர்கள் குடத்தில் தண்ணீர் சுமந்த ஆறாம் வகுப்புப் பிள்ளைகள். லாபத்தில் அவர்களுக்குப் பங்கு உண்டா?

முப்பத்தைந்து வில்லை என்று எனக்கு எப்படித் தெரியும்? நானே செய்திருக்கிறேன். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் அடித்தபோது இதே மரத்தில் ஒரு கிளை முறிந்து விழுந்தது. மரமல்லிக் கட்டை மெத்து, காற்று தாங்காது, ஒவ்வொரு மழைக்கும் கிளையை உதிர்க்கும். அடுப்புக்கும் ஆகாது என்று ஒதுக்கிப் போட்டிருந்ததை நான் வீட்டுக்கு இழுத்து வந்தேன். வீட்டுக்காரம்மா திட்டியதை இங்கே எழுத முடியாது.

நாலு அங்குலத் தடிமனில் ஒரு முழம் கிளை. அதன் பட்டையிலிருந்து தொண்ணூறு வில்லைக்கு மேல் வெட்டலாம். பாதி வெடிப்பும் புழுவுமாகப் போனாலும் ஒரு கைப்பிடிக்குத் தாராளம். பட்டையை நிழலில் மூன்று வாரம் காய வைத்தேன். வெயிலில் போட்டால் சுருண்டு அப்பளமாகிவிடும், முதல் தடவை அப்படித்தான் ஆனது. காய்ந்ததைப் பலகைக்கு நடுவில் வைத்து மேலே அம்மிக்கல்லை ஏற்றி நிமிர்த்தினேன். வில்லைகளாக வெட்டி, நடுவில் துளை போட்டு, மரை போட்ட கம்பியில் ஒன்றன்மேல் ஒன்றாகக் கோத்தேன். கம்பியில் முதலில் மெழுகுவர்த்தியைத் தேய்த்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பசையில் கம்பியும் சேர்ந்து ஒட்டிக்கொண்டு வெளியே வராது. இதுவும் அனுபவம்தான். வில்லைக்கு வில்லை அரால்டைட் பூசி, இரண்டு பக்கமும் வாஷர் போட்டு நட்டை இறுக்கி ஒரு ராத்திரி விட்டேன். மறுநாள் அரத்தால் ராவி உருட்டி, 80 நம்பர் உப்புத்தாளில் ஆரம்பித்து 400 வரை தேய்த்தேன். உள்துளையைக் கழியின் பருமனுக்கு உருண்டை அரத்தால் பெரிதாக்கி, கழியில் காகித டேப்பைச் சுற்றி மட்டம் பார்த்து ஒட்டி, மேலே ஆளிவிதை எண்ணெய் இரண்டு கை.

முதல் பிடி உதிர்ந்துபோனது. அவசரப்பட்டு ஈரப்பட்டையில் பசை வைத்துவிட்டேன். இரண்டாவது நிற்கிறது. தக்கை ஓக் அளவுக்கு மெத்தென்று இல்லை, அங்கங்கே சொரசொரப்பு. ஆனாலும் ஈரக்கையில் வழுக்கவில்லை. கோவளம் பக்கம் போனபோது அந்தப் பிடியோடு ஒரு கிழங்கான் பிடித்தேன். ஒன்றே ஒன்று. பூனைக்குப் போட்டோம்.

இவ்வளவு விலாவாரியாகச் சொல்வதற்குக் காரணம், "சார் எல்லாத்துக்கும் எதிர்ப்பு" என்று யாரும் சொல்லிவிடக் கூடாது. பட்டையில் கைப்பிடி செய்யலாம், நன்றாகவே வரும், அதற்கு நிற்கிற மரத்தைத் தொடவே வேண்டாம். விழுந்த கிளை ஒரு முழம் போதும். மூன்று வாரம் பொறுக்க வேண்டும், ஆளிவிதை எண்ணெய் நாற்றத்தைச் சகிக்க வேண்டும். உரித்தவருக்கு அந்தப் பொறுமை இல்லை. ஒரே மரத்தில் இருபது பிடி ஒரே ராத்திரியில் கிடைக்கும்போது விழுந்த கிளைக்கு எவன் அலைவான்?

நுரை ரப்பர் பிடி பிளாஸ்டிக்தானே, அது மட்டும் நல்லதா என்று அந்தத் தம்பி கேட்டார். நியாயமான கேள்வி. நல்லதில்லை. முட்டுக்காட்டுக் கரையில் அறுந்த நைலான் நரம்பும் நுரைத் துண்டும் கிடப்பதை நானும் பொறுக்கியிருக்கிறேன். ஆனால் பழைய நுரைப்பிடியை மாற்றாமல் பத்து வருடம் வைத்துக்கொள்வது, புதிதாக ஒரு மரத்தைக் கொன்று "இயற்கை"ப் பிடி வாங்குவதைவிட எந்தக் கணக்கிலும் மேல். மெய்யான தக்கைப் பிடி வாங்க வசதி இருந்தால் அதை வாங்குங்கள். அது கப்பலில் வந்தாலும், அந்த மரம் இன்றும் உயிரோடு நிற்கிறது. உள்ளூர்ப் பொருள் என்பதாலேயே ஒன்று யோக்கியமானதாகிவிடாது. "ஹேண்ட்மேட்" என்றால் கையால் செய்தது என்றுதான் அர்த்தம், திருட்டும் கையால் செய்வதுதான்.

ஒரு பழைய ஆதங்கத்தையும் சொல்லிவிடுகிறேன். நாங்கள் ஆசிரியர் பயிற்சி படித்த காலத்தில் கைத்தொழில் ஒரு பாடம். பாய் முடைந்தோம், புத்தகம் தைத்தோம், உளி பிடித்தோம். பள்ளிக்கூடத்தில் கைவேலைப் பீரியட் என்று ஒன்று இருந்தது, போகப்போகக் கணக்கு வாத்தியார் அதைக் கடன் வாங்கினார், திருப்பித் தரவில்லை. இதைச் சொன்னால் உடனே சிலர் 1953 குலக்கல்வித் திட்டத்தை இழுப்பார்கள். அப்பன் தொழிலைப் பிள்ளை அரைநாள் கற்க வேண்டும் என்ற அந்தத் திட்டத்தை எதிர்த்தவர்கள் செய்தது நியாயம், அதைக் காமராஜர் 1954இல் கைவிட்டதும் நியாயம், எங்கள் வீட்டில் முதல் தலைமுறையாகப் பள்ளிக்கூடம் போனவன் நான். நான் கேட்பது வேறு. எல்லா ஜாதிப் பிள்ளையும் ஒரு கட்டையை அறுத்து, ஒரு பட்டையைத் தொட்டு, எது உயிர்ப்பட்டை எது செத்த பட்டை என்று விரலால் தெரிந்துகொள்ளட்டும் என்கிறேன். ஹூக் பெயரை மனப்பாடம் செய்த பிள்ளை கையில் ஒரு பாட்டில் மூடித் தக்கையைக் கொடுத்துப் பிளேடால் சீவச் சொல்லியிருந்தால், பட்டை என்பது மரம் போட்டுக்கொண்ட சட்டை என்று நினைத்துக்கொண்டு வளராது. நானும் எல்லா வருடமும் அதைச் செய்யவில்லை. சிலபஸ் முடிக்க ஓடினேன். அந்தப் பங்குக்கு எனக்கும் வெட்கம் உண்டு.

உரித்தவர் இதைப் படிக்கிறாரா தெரியாது. பெயர் எனக்குத் தெரியும், எழுதப் போவதில்லை. பிடி வாங்கிய தம்பிகளிடம்தான் கேட்கிறேன். அடுத்த முறை வாங்கும்போது "எந்த மரம், எப்போ விழுந்தது?" என்று ஒரு கேள்வி கேளுங்கள். பதில் வராவிட்டால் காசைப் பையிலேயே வையுங்கள். இருபது பேர் கேட்டால் இருபத்தோராவது பிடிக்குக் கத்தி எடுக்க மாட்டார்.

மரத்துக்குக் களிமண்ணும் சாணியும் பூசி ஈரச் சாக்கு சுற்றியிருக்கிறோம். பழைய மாணவர் இரண்டு பேர் வந்து உதவினார்கள், அதில் ஒருவர் 1993இல் குழி வெட்டியவர், இப்போது அவர் மகள் அதே பள்ளியில் படிக்கிறாள். மிச்சமிருக்கும் நாலு விரல் பட்டை வழியாக வேருக்குச் சாப்பாடு போகுமா என்பது ஐப்பசி மழை முடிந்தால்தான் தெரியும். வழக்கமாக அந்த மாதங்களில்தான் பூக்கும், விடியற்காலையில் வேலியோரம் வெள்ளையாக உதிர்ந்து கிடக்கும். நடைப்பயிற்சிக்குப் போகிறவர்கள் சாக்கை யாரும் அவிழ்க்காமல் பார்த்துக்கொள்ளுங்கள்.

புயலில் விழுந்த கிளையில் இன்னும் இரண்டு முழம் என் வீட்டு மாடியில் காய்ந்து கிடக்கிறது. நல்ல பட்டை. நாலு பிடிக்குக் காணும். வேண்டுகிறவர்கள் ஞாயிற்றுக்கிழமை பத்து மணிக்கு மேல் வந்து எடுத்துக்கொள்ளுங்கள். அரம் என்னிடம் இருக்கிறது, உப்புத்தாளை நீங்கள் கொண்டு வாருங்கள்.